ஒன்பது கம்பி, ஏழு கதவு

அத்தியாயம் 4

எங்கள் சான் விசென்தேயில் விமானம் கிளம்புவதற்கு முன் வதந்தி தரை இறங்கிவிடும். விமானத்துக்கு எழுநூறு மீட்டர் ஓடுபாதை வேண்டும். வதந்திக்கு என் சாப்பாட்டுக் கடையின் ஒற்றை பெஞ்சு போதும். ஓடுதள வாசலுக்கு நேர் எதிரே கடை போட்டது நான் செய்த பாவமா புண்ணியமா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா ஊர்வலம். தேருக்கு மேலே பூத்தூவ எழுநூறு அடி வரை இறங்கிப் பறக்கலாம் என்று கேப்டன் இசகானி லக்சமானாவுக்குச் சிறப்பு அனுமதி. அவனோ ஆயிரத்து எழுநூறு அடிக்கு ஏறி, பக்கத்துப் பெரிய நிலையத்தில் இறங்க வந்த பயணிகள் விமானத்தின் பாதையில் போய் நின்றானாம். நூற்று எண்பது பேரோடு வந்த அந்த விமானம் பதறிப்போய் மேலே ஏறி, இன்னொரு சுற்று வந்து இறங்கியது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நாலைந்து பேரின் மதியச் சாப்பாட்டைத் தவிர.

புதன்கிழமை, அதாவது இன்று, மூன்று மணிக்கு விசாரணை. உரிமம் பறிபோனால் கேப்டனுக்கு ஒரே போக்கிடம் அவன் மச்சானின் வாத்துப் பண்ணை. பண்ணை வாத்துகளும் பறப்பதில்லை. அந்த வகையில் பொருத்தம்தான்.

அவனைக் காப்பாற்றக் கிளம்பியவள் ரெமெடியோஸ் கியாம்பாவ். ஊருக்கு ரெமி. இருபத்திரண்டு வருஷம் விமான ரேடியோக்களைப் பழுது பார்த்தவள். ஓய்வுக்குப் பிறகு காணாமல் போன சண்டைச் சேவல்களையும் கணவர்களையும் கண்டுபிடித்துக் கொடுக்கிறாள். சேவல் காணாமல் போனால்தான் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும். நான் பச்சிங், அவளுடைய உதவியாள். சம்பளம் கிடையாது, செய்தி முதலில் கிடைக்கும்.

காலை ஒன்பது மணிக்கு என் புளிச்சாற்றுச் சட்டிக்குப் பக்கத்தில் மூன்று காகிதங்களை வைத்தாள்.

"மூணு பேர் எழுதிக் குடுத்திருக்காங்க பச்சிங். கேப்டன் ஜின் பாட்டிலோட விமானத்துல ஏறினானாம். வாசல் காவலாளி, டிரைசிக்கிள் சங்கத் தலைவர், பூக்காரி."

"மூணு பேர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"நாலு மூலை பாட்டில், கழுத்துல சிவப்புத் துணி. மூணு காகிதத்துலயும் ஒரு எழுத்து மாறல. நெஜமாவே மூணு பேர் பார்த்திருந்தா ஒருத்தர் பச்சைத் துணின்னுருப்பாங்க, ஒருத்தர் ரெண்டு பாட்டில்னுருப்பாங்க."

"ஊரே சொல்லுதே ரெமி!"

"ஊருன்னா யாரு? காவலாளி அன்னிக்கு லீவு. தலைவர் தோள்ல மாதா தேர். பூக்காரி கோயில் வாசல்ல. பாட்டிலைக் கண்ணால பார்த்த ஆள் யாரு?"

நான் சட்டியைக் கிளறினேன். அதில் கிளற ஒன்றும் இல்லை.

"பார்த்தேன், சொன்னேன். கேப்டன் கையில பாட்டில் இருந்துச்சு. ஜின்னுன்னு நான் ஒரு வார்த்தை சொல்லல. 'உள்ள என்ன இருக்கோ, மாதாவுக்கே வெளிச்சம்'னு மட்டும்தான் சொன்னேன்."

"அதுக்கப்புறம் பாட்டில் எங்க போச்சு?"

"இறங்கும்போது, கூடப் பறந்த ஃபாதர் அங்கிக்குள்ள வெச்சு எடுத்துட்டுப் போனாரு."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"கோயில் ஆளைப் பத்திப் பொறணி பேசறது பாவம் ரெமி."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பழுதாகி வந்த ரேடியோக்களை அப்படித்தான் பார்த்திருப்பாள்.

டிரைசிக்கிளில் கோயிலுக்குப் போகும் வழியில் இன்னொரு காகிதக் கட்டை எடுத்தாள். ராடார் பதிவு. புகாரோடு இணைத்திருந்தது ஆறே நிமிஷத்துக்கான ஒரு பக்கம். மீதிப் பக்கங்களை இவள்தான் கெஞ்சி வாங்கியிருக்கிறாள்.

"இங்க பாரு. அஞ்சு பன்னெண்டு வரைக்கும் எழுநூறு. அடுத்த அஞ்சாவது செகண்டுல ஆயிரத்தி எழுநூறு. அஞ்சரைக்கு மறுபடி எழுநூறு. அந்தக் கிழட்டு விமானம் ஆயிரம் அடி ஏறணும்னா ரெண்டு நிமிஷம் முனகும்."

"மாதா தூக்கியிருப்பா."

"மாதா தூக்கினா திரும்ப இறக்கி விடமாட்டா."

"விசாரணை அதிகாரிகிட்ட இதைக் காட்டினியா?"

"காட்டினேன். நேத்து அவரே ஆளைக் கூட்டிட்டு வந்து தரையில சோதிச்சாராம். எல்லாம் கச்சிதமா இருக்காம். அதோட, 'மேடம், ராடார் சொல்லுது, பெரிய விமானத்தோட திரை சொல்லுது, பக்கத்துல பறந்த பயிற்சி விமானத்து டேப்லெட் சொல்லுது. மூணு சாட்சி'ங்கிறாரு."

"மூணு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டேன். எனக்கும் கொஞ்சம் மூளை உண்டு.

"அதேதான். மூணுக்கும் சேதி சொன்னது கேப்டனோட விமானத்துல இருக்கிற ஒரே ரேடியோ. அந்த ரேடியோவுக்கு உயரம் சொன்னது ஒரே ஒரு சென்சார். காத்தழுத்தத்தைப் பார்த்து உயரத்தைச் சொல்ற சின்ன டப்பா. அதுதான் அந்த விமானத்தோட பச்சிங்."

"நல்ல உவமை," என்றேன். மனசுக்குள் வேறு சொன்னேன்.

"கேப்டனுக்கு முன்னால இருக்கிற முள்ளு தனி. அது எழுநூறுதான் காட்டுச்சாம். ஆனா முள்ளு எதையும் எழுதி வெக்காது. எனக்குப் புரியாதது ஒண்ணுதான். கெட்டுப்போன சென்சார்னா எப்பவும் தப்பாச் சொல்லணும். சரியாப் பதினெட்டு நிமிஷம் மட்டும் பொய் சொல்லிட்டு, அப்புறம் தானாத் திருந்தின வாயை நான் பார்த்ததே இல்ல."

"நானும்," என்றேன், அனுபவத்தோடு.

ஃபாதர் டெல்ஃபின் எங்களைக் கண்டதும் வெள்ளைத் துவாலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பூசை அறை அலமாரியில், இரண்டு வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகளுக்கு நடுவே, நாலு மூலை ஜின் பாட்டில் ராஜா மாதிரி நின்றது. கழுத்தில் சிவப்புத் துணி.

"தீர்த்தம்மா! கண்ணாடிக் குப்பி போன மாசம் உடைஞ்சு போச்சு. விமானத்தை மந்திரிக்க எதுலயாவது எடுத்துட்டுப் போக வேண்டாமா? மோந்து பாருங்க."

என்னை நம்பித்தான் நீட்டினார். முகர்ந்தேன். "லேசா ஜின் வாசனை வருதே ஃபாதர்."

"மூணு தடவை கழுவினேன்!"

"அப்போ ஜின் இருந்த பாட்டில்தான்," என்று பதிவுக்காகச் சொல்லி வைத்தேன். ரெமி என் காலை மிதித்தாள்.

"ஃபாதர், மேல பறந்தப்போ அஞ்சு பன்னெண்டுல இருந்து அஞ்சரை வரைக்கும் என்ன நடந்துச்சு?"

"மணியை யாரு பார்த்தா? பூப் போட்டோம். கீழ ஊர்வலத்துல ஜெபமாலை சொல்றாங்களேன்னு நானும் மேல சொன்னேன். அஞ்சு பத்து, அம்பது மணியும் முழுசா உருட்டினேன்."

அங்கேதான் என் மண்டையில் அரிசி கொதித்தது. சாவு வீடுகளுக்குச் சமைக்கப் போகிறவள் நான். ஃபாதர் டெல்ஃபின் ஜெபமாலையைத் தொடங்கும்போது உலையில் அரிசி போட்டால், அவர் ஆமென் சொல்லும்போது சோறு இறக்கலாம். ஒன்பது வருஷமாக ஒரு தடவையும் குழைந்ததில்லை.

"பதினெட்டு நிமிஷம்!" என்று கத்திவிட்டேன். "ரெமி, ஃபாதரோட ஜெபமாலை பதினெட்டு நிமிஷம்! கடிகாரமே தோத்துப் போகும்!"

ரெமி திரும்பி என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை பழுதில்லாத ரேடியோவைப் பார்ப்பது போல.

"ஃபாதர்," என்றாள் மெதுவாக, "ஜெபமாலை ஆரம்பிச்சப்போ கேப்டன் எதைத் தொட்டான்?"

ஃபாதர் கூரையைப் பார்த்தார். அங்கிருந்து உதவி எதுவும் வரவில்லை.

"பாவசங்கீர்த்தனத்துல சொன்னதில்ல, அதனால சொல்லலாம்," என்று தனக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொண்டார். "புதுசா ஒரு ஜிபிஎஸ் பெட்டி வெச்சிருக்காங்க. தாழப் பறந்தா கத்துது. நான் 'அருள் நிறைந்த மரியே'ங்கிறேன், அது 'தரை! தரை! மேல ஏறு!'ங்குது. 'வாழ்க'ங்கிறேன், 'மேல ஏறு!'ங்குது. முதல் பத்து மணி ஆரம்பிக்கிறதுக்குள்ளயே எனக்கு ரத்தக் கொதிப்பு. கோயில்ல ஒரு பிள்ளை இப்படிக் கத்தினா அம்மாகாரி வெளிய தூக்கிட்டுப் போவா. 'அணைச்சுடு மகனே'ன்னேன். அணைச்சான். முடிஞ்சதும் திரும்பப் போட்டான்."

"ஏன் வெளிய சொல்லல?"

"அவன்தான் கெஞ்சினான். எச்சரிக்கைப் பெட்டியை அணைச்சது தெரிஞ்சா அதுக்கு வேற தனி வழக்குப் போடுவாங்களாம். உயரத்துக்கும் அந்தப் பெட்டிக்கும் சம்பந்தமே இல்லன்னான்."

"சம்பந்தமே அதுலதான் இருக்கு," என்று ரெமி எழுந்தாள். வழியில் என் கையிலிருந்து பாட்டிலை வாங்கித் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

விமானக் கொட்டகையில் மணி ஒன்றே முக்கால். கேப்டன் இசகானி ஒரு டயர் மேல் உட்கார்ந்து, உரிமத்தைப் பாக்கெட்டிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். மெக்கானிக் துரிங் அண்ணன் துடைத்த ஸ்பானரையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷமாக என் கடையில்தான் அவருக்கு மதியச் சாப்பாடு. மீன் தலையை அவருக்கென்று எடுத்து வைப்பேன்.

"பெட்டியை அணைச்சியா தம்பி?" என்றாள் ரெமி.

கேப்டன் முகம் பூத்தூவும் முன்பிருந்த சாக்கு மாதிரி உப்பி, தூவிய பின் இருக்கும் சாக்கு மாதிரி தொங்கியது. "ஃபாதர் சொல்லிட்டாரா?"

"சோறு சொல்லிச்சு. துரிங் அண்ணே, இந்தப் பெட்டியை எப்ப மாட்டினீங்க?"

"சனிக்கிழமை. திருவிழாவுக்கு முந்தின நாள்," என்றார் ஸ்பானரிடம்.

"பெட்டிக்குன்னு தனி சென்சார்?"

"முதலாளி வேண்டாம்னுட்டாரு. ஏற்கெனவே ஒண்ணு ரேடியோவுக்குப் பேசிட்டு இருக்கே, இதுவும் பக்கத்துல உக்காந்து கேக்கட்டும்னாரு."

"அதுல தப்பில்ல. பாதி விமானத்துல அப்படித்தான்," என்றாள் ரெமி. "எங்க, பம்பை மாட்டுங்க."

சென்சாருக்குப் போகும் குழாயில் ஒரு கைப்பம்பை மாட்டிக் காற்றை உறிஞ்சினால், தரையில் நிற்கும்போதே அது எழுநூறு அடியில் பறப்பதாக நினைத்துக்கொள்ளும். எங்கள் ஊர் ஆண்களுக்கு அதே வேலையை நாலு மூலை பாட்டில் செய்யும்.

விசாரணை அதிகாரி பெலிசார்டோவையும் அழைத்து வந்து நிற்க வைத்தாள். இஸ்திரி கலையாத மனிதர். ரேடியோவின் சோதனைத் திரை 700 என்று காட்டியது.

"நேத்தும் இதேதான் மேடம். கச்சிதம்."

"இப்ப?" ரெமி ஜிபிஎஸ் பெட்டியை அணைத்தாள்.

1700.

கேப்டன் எழுந்த வேகத்தில் டயர் உருண்டு போய் அதிகாரியின் இஸ்திரியில் மோதியது. பெட்டியைப் போட்டாள்: 700. அணைத்தாள்: 1700. நாலு தடவை. கடைசித் தடவை அதிகாரியே அணைத்தார்.

"நாங்க சோதிச்சப்போ ஏன் வரல?"

"நீங்க சாவியைத் திருப்பினதும் எல்லாப் பெட்டியும் ஒண்ணா முழிச்சுக்கிட்டுதுங்க சார். எந்தப் பிள்ளையும் தூங்கல. ஒண்ணு தூங்கினாத்தானே கூத்து!" அவள் தரையில் உட்கார்ந்து, பெட்டிக்குப் பின்னால் போகும் கம்பிக் கற்றையின் துணி உறையைக் கத்தியால் கிழித்தாள். "ஒரு குழாய்ல ரெண்டு வீட்டுக்குத் தண்ணி விடறோம்னு வைங்க. ஒரு வீடு பூட்டிக் கிடக்கு, உள்ள ஓட்டை. தண்ணியெல்லாம் அந்த வழியா ஒழுகிடும், அடுத்த வீட்டுக்காரன் அண்டாவுல தப்பா நிறையும். அதனால ஒவ்வொரு கிளையிலயும் ஒருவழிக் கதவு வெக்கணும். டயோடு. சென்சார்ல இருந்து வர்றது ஒன்பது கம்பி. ஒன்பது கதவு."

எண்ணினாள். நானும் எண்ணினேன். மஞ்சள் வரி போட்ட குட்டிக் குட்டி உருளைகள். ஏழு. மீதி இரண்டு கம்பிகள் மொட்டையாக, கதவில்லாமல், நேராக ஓடின.

"ரெண்டு கம்பி போதும், எழுநூறை ஆயிரத்தி எழுநூறாக்க," என்றாள். "துரிங் அண்ணே. பொட்டலத்துல ஒன்பது இருந்திருக்கும். ரெண்டு எங்க?"

துரிங் அண்ணன் ஸ்பானரைக் கீழே வைத்தார். பிறகு அவர் பார்வை மெதுவாக என் பக்கம் வந்தது. பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். தகரச் சுவர்தான் நின்றது.

"சனிக்கிழமை சாயங்காலம் இவ வந்தா," என்றார். "கரோக்கே பெட்டி செத்துப்போச்சு, திருவிழாவுக்கு நாப்பது பேர் பாட வர்றாங்க, மானம் போகுதுன்னு ஒரே அழுகை. பொட்டலம் என் கையில இருந்துச்சு. 'அண்ணே, ரெண்டே ரெண்டு குட்டிச் சாமான்தானே'ன்னா."

சொன்னேன்தான். இப்படிப்பட்ட இடங்களில் மட்டும் மக்களுக்கு என் வார்த்தைகள் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கும்.

"திங்கக்கிழமை வாங்கிப் போட்டுடலாம்னு அந்த ரெண்டுக்கும் நேர்க் கம்பி விட்டேன். தரையில பார்த்தா சரியாத்தான் இருந்துச்சு. கையெழுத்துப் போட்டுட்டேன். திருவிழா மயக்கத்துல மறந்தும் போச்சு."

"புகார் வந்தப்புறமுமா?" என்றான் கேப்டன்.

"நீ பெட்டியை அணைச்சேன்னு சொல்லவே இல்லையேப்பா! போட்டிருக்கிற வரைக்கும் அது சரியாத்தானே இருக்கும்? இது காரணமில்லன்னு நெனச்சு ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டே படுத்திருந்தேன்."

ரெமி கைகளைத் தட்டித் தூசி உதறினாள். "ஒருத்தன் அணைச்சதைச் சொல்லல. ஒருத்தர் போடாததைச் சொல்லல. மொத்த ஊர்லயும் நீ ஒருத்திதான் பச்சிங் வாயைத் திறந்து பேசின."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்!"

"இல்லாததைப் பேசின."

அதிகாரி பெலிசார்டோ தொண்டையைச் செருமினார். "கதை நல்லாருக்கு. ஆனா ஒரு சந்தேகம். நண்பனைக் காப்பாத்த இவரே நேத்து ராத்திரி வந்து ரெண்டைப் பிடுங்கிப் போட்டிருக்கலாம். சனிக்கிழமையே இல்லன்னு எதை வெச்சு நம்பறது? மணி ரெண்டு இருபது. மூணு மணிக்கு நான் எழுதியாகணும்."

எல்லோரும் மறுபடி என்னைப் பார்த்தார்கள். கேப்டன் மட்டும் பார்க்கவில்லை. உரிமத்தைப் பாக்கெட்டில் வைத்து, சட்டைப் பொத்தானைப் போட்டு, அதன் மேல் கையை வைத்துக்கொண்டான்.

என் கரோக்கே பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. கழுதை கத்தினாலும் தொண்ணூற்றெட்டு மதிப்பெண் போடும் தங்கமான பெட்டி. இன்று மாலை ஊராட்சித் தலைவர் மகளின் பிறந்த நாளுக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த இரண்டு உருளைகளைப் பிடுங்கினால் ஊமையாகிவிடும். பிடுங்கினால் மட்டும் போதாது; எதற்காக என்று நானே என் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். பாட்டில் விஷயத்தையும் சேர்த்து. இந்த ஊரைப் பற்றி இருபது வருஷம் பேசியவள், ஊர் பேசுவதற்கு நானே எழுதித் தர வேண்டும்.

"பெட்டிக்குப் பின்னால ஆறு ஸ்க்ரூ," என்றேன். "ஸ்க்ரூடிரைவரைக் குடுங்க அண்ணே."

ஓடுபாதையைக் குறுக்கே கடந்து ஓடியது சட்டப்படி குற்றம். அதிகாரியும் கூடவே ஓடினார். இஸ்திரி முழுவதும் போயிற்று. கடையில் பெட்டியைத் திருப்பிப் போட்டு ஆறு ஸ்க்ரூவையும் நானே கழற்றினேன். உள்ளே கரப்பான்பூச்சிக் குடும்பத்துக்கு நடுவே மஞ்சள் வரி போட்ட இரண்டு உருளைகள். அவற்றைச் சுற்றி சனிக்கிழமை இரவிலிருந்து சேர்ந்த, பொரித்த மீன் எண்ணெயோடு ஒட்டிய புகைக்கரி. அதை ஒரே இரவில் யாராலும் படியவைக்க முடியாது. ரெமி, துரிங் அண்ணனிடம் வாங்கி வந்த பொட்டல உறையை நீட்டினாள். அதே வரி, அதே எண். அதிகாரி இரண்டையும் வெட்டி எடுத்து உறையில் போட்டார். பெட்டி கடைசியாக ஒரு தடவை உறுமிவிட்டு அடங்கியது.

மூன்று மணிக்குத் தொடங்கிய விசாரணை மூன்று இருபதுக்கு முடிந்தது. ஜெபமாலையை விட இரண்டு நிமிஷம் அதிகம். கேப்டனின் உரிமம் கேப்டனின் பாக்கெட்டிலேயே. பெட்டியை அணைத்ததற்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. துரிங் அண்ணனின் கையெழுத்து அதிகாரத்தை ஆறு மாதத்துக்குப் பறித்துவிட்டார்கள். வாத்துப் பண்ணையில் ஓர் ஆளுக்கு இடம் காலியாக இருப்பதாகக் கேப்டனே அவரிடம் போய்ச் சொன்னான். அவர் மறுக்கவில்லை. வாத்துக்கு யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை.

நான் என் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாசலைத் தாண்டிக் கடைக்கு வந்தேன். எண்ணி நாற்பது அடி. பெஞ்சில் காவலாளி, சங்கத் தலைவர், பூக்காரி.

"ஏன்க்கா," என்றான் காவலாளி, "உன் கரோக்கே பெட்டிதான் விமானத்தை ஆயிரம் அடி தூக்கிச்சாமே?"

"உன் கரோக்கே பெட்டிதான் விமானத்தை ஆயிரம் அடி தூக்கிச்சாமே?" என்றார் தலைவர்.

பூக்காரியும் வாயைத் திறந்தாள். கையைக் காட்டி நிறுத்தினேன். "தெரியும். யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுதுக்கா."

மூலை மேசையில் ரெமி, பொரித்த பன்றித்தோல் சிச்சரோனைக் காடியில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பேச வேண்டியதை எனக்கு முன்பே வந்து பேசி முடித்திருந்தாள்.